நாரியில் தொடங்கிச் சின்னிவிரல் வரை

போன வருசம் வைகாசி மாதம், சோளகம் அடிக்கத் தொடங்கிய நேரம். ஒருநாள் விடியப்புறம் ஐந்தே முக்கால் இருக்கும், முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். இரவு முழுக்க அடித்த காற்றுக்கு மாமரத்தின் கீழ் சருகு குவிந்து கிடந்தது. ஈர்க்குமாற்றோடு குனிந்தபடியே முக்கால்வாசி முற்றத்தை முடித்துக் கிணற்றடிப் பக்கம் திரும்பும்போது நாரியில், கீழ்முதுகில், ஏதோ பிடித்தது. பெரிய நோ என்று சொல்ல ஏலாது. ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். நிமிர்ந்து நின்று நாரியில் கையை ஊன்றி இரண்டு தரம் மூச்சு விட்டேன். மிச்சத்தையும் கூட்டி முடித்துக் குளித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள்தான் அது காலுக்கு இறங்கியது. கந்தோரில் கதிரையை விட்டு எழும்புகிறேன், இடது பிட்டத்தின் நடுவிலிருந்து பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை காய்ச்சிய கம்பியை ஒரே இழுவையாக இழுத்த மாதிரி இருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பக்கத்து மேசைப் பிள்ளை, "அக்கா, என்ன செய்யுது?" என்று கேட்கிறாள். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. பின்னேரம் ஒரு தும்மல் வந்தது. தும்மிய அந்தக் கணத்தில் கால் என்னுடையதே இல்லை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பதினொரு கிழமை. அந்தப் பதினொரு கிழமையில் நான் செய்த பிழைகளும், பிறகு தெரிந்துகொண்டவையும் இந்தக் கட்டுரையில் இருக்கின்றன. எங்கள் ஒழுங்கையில் மட்டும் இதே நோவோடு, சயாட்டிக்காவோடு, ஐந்து பேர் இருக்கிறோம் என்பது எனக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஐந்து பேரும் "கால் உளைவு" என்று சொல்லிக் காலுக்குத்தான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம்.

முதலில் அம்மாவின் வைத்தியம். கறி உப்பைத் தாச்சியில் வறுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தா. நொச்சியிலை அவித்த தண்ணி, ஆமணக்கெண்ணெய், எல்லாம் நடந்தது. நாரியில் வைக்கும்போது சுகமாகத்தான் இருந்தது. சூடு பட்டால் இறுகிக் கிடக்கும் தசை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் இரண்டாம் நாள் இரவு, பாதத்தின் வெளிப்பக்கமும் உளையுது என்று சொல்லி அங்கேயும் வைத்தோம். எனக்குச் சூடு தெரியவில்லை. காலையில் பார்த்தால் சின்னிவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் கொப்புளம். அம்மா அதைப் பார்த்து அழுதா. அந்த இடம் விறைத்துப்போயிருந்தது என்பதை எனக்கே சொன்னது அந்தக் கொப்புளம்தான். விறைப்பு உள்ள இடத்தில் ஒத்தடம் வைக்காதீர்கள். வைக்கத்தான் வேண்டுமென்றால், சூட்டை முதலில் நன்றாக உணர்கிற கையில் பாருங்கள், காலை நம்பாதீர்கள்.

பிறகு படுக்கை. "அசையாமல் பாயிலை கிட, தானா மாறும்" என்று வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னார்கள். பன்னிரண்டு நாள் கிடந்தேன். நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவள் எழும்புவதற்குக் குப்புறப் புரண்டு, முழங்காலில் நின்று, சுவரைப் பிடித்து... கழிவறைக்குப் போய்வருவதே ஒரு பயணம். பன்னிரண்டாம் நாள் முடிவில் நோ குறையவில்லை, கால் மெலிந்ததுதான் மிச்சம். இடது கெண்டைக்கால் வலதை விடத் தொளதொளத்துப் போயிருந்தது. நெதர்லாந்தில் இந்த நோயாளிகளையே இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை இரண்டு கிழமை படுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1999 இல் வெளிவந்தது. படுத்தவர்களுக்கும், ஏலுமான அளவு நடமாடியவர்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. இதை அப்போதே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் என்று இப்போதும் நினைப்பேன்.

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு ஒரு நாட்டு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊரில் நல்ல பெயர் உள்ளவர். நரம்பு பிரண்டு போச்சு, இழுத்துவிட வேண்டும் என்றார். காலை மடக்கி ஒரு பக்கம் திருப்பி ஒரே அழுத்து. "டக்" என்று சத்தம் கேட்டது. அங்கிருந்தவர்கள் "பூட்டு விழுந்திட்டுது" என்று சந்தோசப்பட்டார்கள். அன்றிரவு நோ கெண்டைக்காலைத் தாண்டிப் பாதம் முழுவதும் வந்தது. முறிவு நெரிவுக்கு நாட்டு வைத்தியர்கள் செய்த நன்மையை நான் கண்ணால் கண்டவள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காலில் விறைப்போ பெலக்குறைவோ இருக்கிறபோது யாரையும் நாரியைத் திருப்ப விடக்கூடாது. அது என் உடம்பில் படித்த பாடம்.

அதற்கடுத்தது சனல், தனியார் வைத்தியசாலையில் நம்பர் எடுத்து விசேட வைத்தியரைப் பார்ப்பது. நம்பர் நாற்பத்திரண்டு. உள்ளே நான் இருந்த நேரம் நாலு நிமிசம் இருக்குமோ தெரியாது. வைத்தியர் எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டிஸ்க் விலகிட்டுது. ஒப்பறேசன் செய்யவேணும், இல்லாட்டிக் கால் போயிடும்." அவர் என் காலைத் தொட்டும் பார்க்கவில்லை. எந்தக் கால் என்று கேட்டதாகவும் நினைவில்லை. வெளியே வந்து ஓட்டோவில் ஏறும்போது எனக்கு நடுங்கியது. "விலகிட்டுது" என்ற அந்தச் சொல் இரண்டு கிழமை என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு ஓடு கழன்று தொங்குகிற மாதிரி, நான் அசைந்தால் விழுந்துவிடும் என்று நினைத்தேன். திரும்பிப் படுக்கவும் பயம்.

என்னை அந்தப் பயத்திலிருந்து வெளியே எடுத்தது ஒரு அரச வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பகுதியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். கட்டிலில் இருக்கச் சொல்லிவிட்டுப் படத்தை ஒரு பக்கம் வைத்தா.

"அக்கா, பத்துக்கு எத்தினை நோ எண்டு நான் கேக்கேல்லை. எங்கை தொடங்குது, எங்கை போய் முடியுது? விரலாலை கோடு போட்டுக் காட்டுங்கோ."

காட்டினேன். நாரி, பிட்டம், பின்தொடை, கெண்டைக்கால், குதிக்காலின் வெளிப்பக்கம், சின்னிவிரல்.

"சரி. இப்ப ஒவ்வொரு இடத்திலையும் என்ன மாதிரியான நோ எண்டு சொல்லுங்கோ. உங்கடை சொல்லிலை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சொல்லத் தொடங்கினேன், சொல்லச் சொல்ல வந்தது. நாரியில் பிடிப்பு. பிட்டத்தில் உளைவு. தொடையில் சுள்ளென்று ஓடும். கெண்டைக்காலில் குறண்டல். குதிக்காலில் எரிவு. சின்னிவிரலில் விறைப்பு, எறும்பு ஊருகிற மாதிரி. அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதினா. எழுதி முடித்துவிட்டு, "அக்கா, நீங்கள் படத்தை விட நல்லாச் சொல்லிப்போட்டியள்" என்றா.

அன்றைக்கு எனக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய்தான் நினைவுக்கு வந்தது. 1847 இல் இங்கே வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கிய மண் இது. நோவுக்கு இத்தனை சொல் வைத்திருக்கிற பாசையில், நோயாளியிடம் ஒரு சொல் கேட்காமல் படத்தை மட்டும் பார்த்து அனுப்புவது எனக்கு இன்றைக்கும் மனம் ஒப்பாத காரியம். உளைவு வேறு, எரிவு வேறு. தசை உளையும். நரம்பு எரியும், சுள்ளென்று ஓடும், விறைக்கும். இந்த வேறுபாடு அம்மாமாருக்குத் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

அந்தப் பிள்ளை விளக்கியதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நாரியிலிருந்து காலுக்குப் போகிற சயாட்டிக் நரம்புதான் உடம்பிலேயே மொத்தமான நரம்பு. நாரியின் கடைசி இரண்டு முள்ளென்புகளின் பக்கமிருந்தும் அதற்குக் கீழே திருவெலும்பிலிருந்தும் ஐந்து வேர்கள் வந்து ஒன்றாகச் சேர்ந்து, பிட்டத்தின் ஆழத்தால் இறங்கி, பின்தொடையால் ஓடி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. பிட்டத்தில் அதன் அகலம் கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர். இந்த ஐந்து வேர்களில் எது உறுத்தப்படுகிறதோ, அதற்குரிய பாதையில்தான் நோ ஓடும். ஐந்தாம் நாரி வேர் என்றால் காலின் வெளிப்பக்கத்தால் இறங்கிப் பாதத்தின் மேல்புறம், பெருவிரல். பெருவிரலை மேலே தூக்கப் பெலன் குறையும், குதிக்காலில் நடக்கக் கஷ்டம். அதற்கு அடுத்த வேர், என்னுடையது, கெண்டைக்காலால் இறங்கிச் சின்னிவிரலுக்குப் போகும். ஒற்றைக்காலில் நுனிவிரலில் எம்ப ஏலாது. அந்தப் பிள்ளை என்னைச் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலில் எம்பச் சொன்னா. வலதில் பத்துத் தரம் எம்பினேன். இடதில் மூன்றாம் தரம் குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பவில்லை. குதிக்காலுக்கு மேலுள்ள தசைநாணில் சின்னச் சுத்தியலால் தட்டியபோது வலது பாதம் துள்ளியது, இடது பாதம் சும்மா இருந்தது. படம் பார்க்காமலே எந்த வேர் என்று சொல்லியாயிற்று.

அப்படியானால் கோளாறு நாரியில். நோ காலில். மனிதர்கள் இதை விளங்கிக்கொள்ளவே நெடுங்காலம் எடுத்திருக்கிறது. 'சயாட்டிக்கா' என்ற பெயரே இடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இடுப்புப் பூட்டின் நோய் என்றே நினைத்திருந்தார்கள். 1764 இல் நேப்பிள்ஸ் நகரத்தில் கொட்டுனோ என்ற வைத்தியர்தான் இடுப்பு நோவையும் நரம்பு நோவையும் பிரித்து எழுதினார். முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டு, அந்த 'டிஸ்க்', கிழிந்து நரம்பு வேரில் முட்டுவதுதான் பெரும்பாலும் காரணம் என்பதைப் பொஸ்ரனில் மிக்ஸ்ரர், பார் என்ற இரண்டு சத்திரசிகிச்சை வைத்தியர்கள் நிறுவியது 1934 இல். ஆயுர்வேதத்தில் இதற்குக் கிருத்ரசி என்று பெயர். கிருத்ரம் என்றால் கழுகு. நோவோடு நடக்கிறவரின் நடை கழுகு நடக்கிற மாதிரி இருக்கும் என்பதால் வந்ததென்று சொல்வார்கள். நான் அந்தப் பதினொரு கிழமையும் அப்படித்தான் நடந்தேன், ஒரு பக்கம் சரிந்து, இடது காலை முழுதாக ஊன்றாமல்.

இந்தத் தட்டைப் பற்றி எங்களுக்கு விளங்கக்கூடிய மாதிரி ஒன்று சொல்கிறேன். நுங்கை நினையுங்கள். வெளியே இறுக்கமான கோது, உள்ளே வழுவழுத்த சதை. தட்டும் அப்படித்தான். வெளியே வளையம் வளையமாக இறுகிய நார், உள்ளே கொழகொழப்பான பகுதி. வருசக்கணக்கில் குனிந்து நிமிர்ந்து நாரில் வெடிப்பு விழுகிறது. ஒருநாள் உள்ளே இருப்பது அந்த வெடிப்பால் பின்பக்கம் பிதுங்குகிறது. அங்கேதான் நரம்பு வேர் இருக்கிறது. முட்டுவதால் மட்டும் நோகவில்லை, பிதுங்கியது நரம்பைச் சுற்றி அழற்சியையும் உண்டாக்குகிறது. அதனால்தான் சின்னப் பிதுக்கம் உள்ளவர் துடிக்கிறார், பெரிய பிதுக்கம் உள்ளவர் தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிறார்.

தட்டு விலகுவதில்லை. மேலும் கீழும் எலும்போடு அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. கழன்று எங்கேயும் போகாது. பிதுங்கியது பெரும்பாலும் அப்படியே இருந்துவிடுவதும் இல்லை. உடம்பே அதை வெளிப்பொருளாகக் கண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைத்துவிடுகிறது. பெரிதாகப் பிதுங்கி வெளியே வந்தவைதான் கூடுதலாகச் சுருங்குகின்றன என்று படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 கிழமைக்குள் கால்நோ கணிசமாகக் குறைகிறது. 1994 இல் அமெரிக்காவில் நாரிநோவே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, 52 சதவீதத்தினருக்கு, ஏதாவது ஒரு தட்டு உப்பியிருந்தது. அவர்களுக்கு நோவே இல்லை! படம் பொய் சொல்லாது. ஆனால் படம் முழுக்கதையும் சொல்லாது.

இனி எனக்கு நோ குறைந்த விதம். அந்தப் பிள்ளை என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னா. இரண்டு நிமிசம் சும்மா. பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னா, நாங்கள் சின்ன வயதில் நிலத்தில் குப்புறக் கிடந்து புத்தகம் படித்த மாதிரி. நாரியில் நோ கூடியது. "கூடுது மிஸ்" என்றேன். "காலிலை?" என்று கேட்டா. கவனித்தேன். குதிக்காலில் எரிவு இல்லை. கெண்டைக்கால் வரைதான் இருந்தது.

"அப்ப சரியான வழி. நாரியிலை கூடினாலும் காலிலை ஏறிக்கொண்டு வந்தா நல்லது. நாரியிலை குறைஞ்சு காலிலை இறங்கினா உடனே நிப்பாட்டுங்கோ."

இந்த ஒரு வசனத்தை அச்சடித்து ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டவேண்டும் என்று நினைக்கிறேன். நோ கூடுதோ குறையுதோ என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே போகுது என்று பார்க்கவில்லை. நியூசிலாந்தில் மக்கென்சி என்ற இயன்மருத்துவர் 1956 இல் இதைத் தற்செயலாகக் கண்டார். தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் ஒரு நோயாளி தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். மக்கென்சி வந்து பார்த்துப் பதறினார். நோயாளி, கிழமைக்கணக்கில் இருந்த கால்நோ போய்விட்டது என்றார். அங்கிருந்துதான் இந்த முறை வளர்ந்தது. எல்லாருக்கும் பின்பக்கம் வளைவது பொருந்தாது. சிலருக்கு எதிர்மாறாக முன்னுக்குக் குனிவதுதான் சுகம் தரும். அதனால்தான் முதல் தரமாவது தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்.

மகளின் பழைய சீ.ஆர். கொப்பி ஒன்றில் எழுதத் தொடங்கினேன். எண் போடவில்லை, இடத்தை மட்டும் எழுதினேன். "செவ்வாய் காலை: சின்னிவிரல். பத்துத் தரம் எழும்பின பிறகு: கெண்டை." "வியாழன்: கெண்டை. தேங்காய் திருவின பிறகு: குதிக்கால்." இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அந்தக் குப்புறப் பயிற்சி பத்துத் தரம். இடையில் நடை. முதலில் வீட்டு வாசலிலிருந்து ஒழுங்கை முடக்கு வரை. பிறகு சந்தியிலுள்ள வைரவர் கோயில் வரை. நோ பாதத்துக்கு இறங்கத் தொடங்கினால் திரும்பிவிடுவேன், பிடிவாதம் பிடிக்கவில்லை. மூன்று கிழமையில் கொப்பியில் "கெண்டை" என்ற சொல் குறைந்து "தொடை" வந்தது. ஐந்தாம் கிழமை ஒருநாள் "நாரி மட்டும்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. பனடோல் எனக்குப் பெரிதாக உதவவில்லை. டைக்குளோபெனாக் முதல் கிழமை கொஞ்சம் தாங்கியது. ஆனால் அதைக் கடையில் தாங்களே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பார்க்கிறேன், வயிற்றுப்புண்ணும் சிறுநீரகமும் கவனம். நரம்புக் குளிசை என்று பிரிகாபலின் தந்தார்கள். எனக்குத் தலைச்சுற்று, ஸ்கூட்டி ஓட ஏலாமல் போனது. 2017 இல் அவுஸ்திரேலியாவில் 209 பேரில் பரிசோதித்தபோது, சயாட்டிக்காவுக்கு அது வெற்றுக் குளிசையை விட மேலதிகமாக எதுவும் செய்யவில்லை, தலைச்சுற்றுத்தான் கூடியது. எடுத்துக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று நிறுத்தவேண்டாம், வைத்தியரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

இனிச் சொல்லப்போவது வெட்கப்படாமல் வாசிக்கவேண்டியது. அதிலும் பெண்கள்.

நாரிக்குள்ளே கீழ்ப்பக்கம் நரம்புகள் குதிரைவால் மாதிரி ஒரு கொத்தாகத் தொங்குகின்றன. பிதுக்கம் மிகப் பெரிதாகி அந்தக் கொத்து முழுவதையும் நெரித்தால், சலம், மலம் இரண்டையும் கட்டுப்படுத்தும் நரம்புகளும் அகப்படும். சில மணித்தியாலத்துக்குள்ளேயே சத்திரசிகிச்சை செய்யவேண்டிய நிலை அது. அறிகுறி என்ன? சலம் முட்டிக்கொண்டு நிற்கும், போகாது. அல்லது போவது தெரியாது. மலம் அடக்க முடியாமல் போகும். இரண்டு காலிலும் நோவும் பெலவீனமும். பிறகு, விறைப்பு. எந்த இடத்தில் என்று வைத்திய நூல்களில் 'சேணம்' என்று இருக்கும். எங்கள் ஊரில் குதிரை ஏறுகிறவர் யார்? சைக்கிள் ஓடாதவர் யார்? சைக்கிள் சீற்றில் இருந்தால் சீற்றுப் படுகிற இடம் எதுவோ, அந்த இடம் முழுவதும் விறைத்தால். கழுவும்போது கை படுவது தெரியாவிட்டால். அன்றைக்கே, அந்த மணித்தியாலமே, பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் இலங்கையின் அவசர அம்புலன்ஸ் இலக்கம் 1990 க்கு அழையுங்கள். விடியட்டும், சனல் நம்பர் எடுப்போம் என்று இருக்கவேண்டாம். பிந்தினால் அந்தக் கட்டுப்பாடு திரும்பி வராமலே போகலாம்.

சனலில் என்னிடம் இதை யாரும் கேட்கவில்லை. அந்த இயன்மருத்துவப் பிள்ளைதான் திரையை இழுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அக்கா, சலம் போறதிலை ஏதும் வித்தியாசம் இருக்கோ? கீழை கழுவேக்கை விறைப்பு ஏதும்?" என்று கேட்டா. இப்படிக் கேட்கத் தமிழில் சொல் இருக்கிறது, கூச்சம் இல்லாமல் கேட்கவும் முடியும் என்று அன்றைக்கு அறிந்தேன். பாதம் நடக்கும்போது தொங்கி இழுபட்டாலும், பெலன் நாளுக்கு நாள் குறைந்தாலும், காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ சேர்ந்திருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்தவராக இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

சத்திரசிகிச்சைக்கு நான் எதிரி இல்லை. நெதர்லாந்தில் கடும் கால்நோவோடு 6 முதல் 12 கிழமை கழிந்த 283 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2007 இல் வந்தது. உடனே வெட்டியவர்களுக்கு நோ சீக்கிரம் குறைந்தது, அது உண்மை. பொறுத்திருந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் பிறகு வெட்டவேண்டி வந்தது, அதுவும் உண்மை. ஆனால் ஒரு வருச முடிவில் இரண்டு பக்கமும் ஒரே அளவு, 95 சதவீதம் சுகம். எனவே அவசர அறிகுறி இல்லாதவருக்கு, கால் போய்விடும் என்று வெருட்டி வெட்டுவதற்கு நியாயம் இல்லை. தாங்க முடியாத நோவோடு வீட்டில் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒருத்தி சீக்கிரம் சுகம் வேண்டும் என்று நினைத்து வெட்டினால், அவளைக் குறை சொல்லவும் நியாயம் இல்லை. இரண்டு வழியையும் சொல்லி அவளைத் தெரிவு செய்ய விடவேண்டும். எனக்கு அந்தத் தெரிவு தரப்படவில்லை என்பதுதான் என் மனக்குறை.

எங்கள் மாமாவின் கதை வேறு. எழுபத்தாறு வயது. கடைக்கு நூறு யார் நடந்தால் இரண்டு காலும் கனத்து உளைந்து மதிலில் சாய்ந்து நிற்பார். ஆனால் கோண்டாவிலில் இருந்து திருநெல்வேலிச் சந்தை வரை சைக்கிளில் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு வருவார். "நடிக்கிறார்" என்று மாமி ஏசுவா. நடிப்பில்லை. வயது போகப் போக நரம்பு வருகிற வழி ஒடுங்குகிறது. நிமிர்ந்து நடந்தால் இன்னும் ஒடுங்கும், ஹான்டிலில் குனிந்தால் கொஞ்சம் விரியும். அவருக்கு என்னுடைய குப்புறப் பயிற்சி கூடவே கூடாது. ஒரே பெயரில் அழைக்கிற கால்நோவுக்குள் இத்தனை வேறுபாடு.

வீட்டில் மாற்றியவை சில. ஈர்க்குமாற்றை நீட்டுத் தடியில் கட்டினேன், நிமிர்ந்து நின்று கூட்டலாம். விடிய எழும்பின கையோடு கூட்டுவதையும் விட்டேன். இரவில் படுத்திருக்கும்போது தட்டுகள் தண்ணியை உறிஞ்சி உப்புகின்றன, காலையில் நாங்கள் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் உயரமாகவே இருக்கிறோம். உப்பிய தட்டோடு முதல் மணித்தியாலத்தில் குனிவதுதான் மோசம். எங்கள் பெண்கள் கண் முழித்ததும் செய்வது என்ன? முற்றம் கூட்டல், தண்ணி அள்ளல், அடுப்புக்குக் குனிதல். அந்த ஒரு மணித்தியாலத்தை ஏழு மணிக்குத் தள்ளினேன். உலகம் அப்படியே இருந்தது. திருவலையில் குந்தியிருந்து குனிந்து திருவுவதை நிறுத்தி, மேசையில் பூட்டுகிற திருவலை வாங்கினேன். 1960 களில் சுவீடனில் நாகெம்சன் என்ற வைத்தியர் தட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அமுக்கத்தை அளந்தவர். நிற்பதை விட முன்னுக்குக் குனிந்து இருப்பதில் அமுக்கம் கூட. திருவலையில் இருக்கிற இருப்பு அதுவே. கந்தோரில் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்புகிறேன். இரவில் வலப்பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு இடையில் தலையணை.

இதெல்லாம் சின்ன விசயங்கள். ஆனால் "ஓய்வெடு" என்று சொல்கிற வீட்டில் விளக்குமாற்றை வேறு யார் கையில் எடுத்தார்கள் என்று நான் கேட்கத்தான் செய்தேன். இப்போது ஞாயிறும் புதனும் மகன் கூட்டுகிறான்.

நல்லூர்த் தேருக்கு அந்த வருசம் போக ஏலாது என்றே நினைத்திருந்தேன். போனேன். கிட்டப் போகவில்லை, வீதி ஓரமாக வெறுங்காலோடு நின்றேன். பத்து மணி வெயிலுக்கு மணல் கொதித்தது. வலது பாதம் சுட்டுத் தூக்கித் தூக்கி வைத்தேன். இடது பாதத்தில் பெருவிரல் பக்கம் சுட்டது, சின்னிவிரல் பக்கம் மணல் என்று மட்டும் தெரிந்தது, சூடு தெரியவில்லை. நோ போய் இரண்டு கிழமையாகியும் விறைப்பு அங்கேயே இருந்தது. நரம்பு ஆறுவது அவ்வளவு ஆறுதலாகத்தான். இந்த வருசம் அதே மணலில் இரண்டு பாதமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிச் சுட்டது. சின்னிவிரல் நுனியில் மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம்.

போன கிழமை சின்னம்மா வந்தா. "எனக்கும் உன்ரை நோதான் பிள்ளை, அந்தக் குப்புறப் பயிற்சியைக் காட்டு" என்றா. கதிரையில் இருத்தினேன்.

"சின்னம்மா, எங்கை தொடங்குது, எங்கை போகுது? விரலாலை காட்டுங்கோ."

நாரிக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவவின் விரல் முன்பக்கம் போய்த் தொடை இடுக்கில் நின்றது. அங்கிருந்து முன்தொடையால் முழங்கால் வரை வந்து நிறுத்தினா. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. விறைப்பில்லை, எரிவில்லை. சீலை உடுக்கக் காலைத் தூக்கினால், சப்பாணி கட்டி இருந்தால் நோகுதாம்.

"இது என்ரை நோ இல்லை. இடுப்புப் பூட்டு மாதிரி இருக்கு" என்றேன். "பயிற்சி ஒண்டும் செய்யவேண்டாம். நாளைக்கு கிளினிக்குக்கு நானும் வாறன்."

கொப்பியில் ஒரு புதுப் பக்கம் எடுத்து, மேலே அவவின் பெயரை எழுதி, அவ சொன்ன சொற்களையே கீழே எழுதிக் கொடுத்தேன்.